கொப்புள ஈக்களை இனம் பிரிப்பது எப்படி?

இரவில் விளக்கடிக்கு வரும் சிறு நுளம்பெல்லாம் ஆனைக்கொம்பன் ஈயா? (தம்பலகாமம்)

இல்லை. ஆனைக்கொம்பன் நெற்குருத்தைக் கெடுக்கும் ஒரு கொப்புள ஈ; கொப்புள ஈக்கள் பலவற்றின் புழு செடியில் கொப்புளம் போன்ற வீக்கத்தை உண்டாக்கும். கைவில்லையை வைத்துப் பாருங்கள். நுளம்புக்கு நீண்ட உறிஞ்சுகுழல் உண்டு. கொப்புள ஈக்கு அது இல்லை. இறகில் சில நீள் நரம்புகளே, உணர்கொம்பு மணி கோத்த மாலை போலிருக்கும். 3 முதல் 4 மில்லிமீற்றர் நீளமும் சிவந்த வயிறும் இருந்தால் பெண் ஆனைக்கொம்பன் என்று சந்தேகிக்கலாம். காளான் ஈயும் இதே சாயல்தான். ஆனால் அதன் கெண்டைக்கால் நுனியில் முள் இருக்கும், கொப்புள ஈக்கு இராது.

வெங்காயத்தாள் போன்ற நெற்குருத்தைப் போத்தலில் வைத்தேன். கருங்குளவிதான் வந்தது. (மூதூர்)

அது பிளாற்றிகாஸ்டர் ஒரைசே போன்ற ஒட்டுண்ணிக் குளவியாக இருக்கலாம். ஆனைக்கொம்பன் ஈயின் புழுவைத் தின்று வளர்வது அது; குருத்தைக் கெடுத்தது ஈதான். நான்கு இறகு என்றால் குளவி; ஈக்கு இரண்டே, பின்னிறகின் இடத்தில் குமிழ்த்தடி. நுனியருகே துளையிட்டு வெறும் கூட்டுப்புழுத் தோல் வெளியே துருத்தி நிற்கும் குருத்தில் ஈ ஏற்கெனவே பறந்துவிட்டது. துளையில்லாததையே அடியோடு வெட்டி, ஈரக் கடதாசியுடன் அடையுங்கள். போத்தலில் தண்ணீர் தேங்கினால் பூஞ்சணம் பிடித்து எல்லாம் அழுகும்.

கொப்புளம் உண்டாக்குவது கொப்புள ஈக் குடும்பத்தின் ஆதிக்குணமா? (திருகோணமலை நகர்)

இல்லை. பழைய கிளைகள் பூஞ்சணம் தின்பவை. அவற்றுள் பலவற்றின் தலையில் தனிக்கண்கள் (ஒற்றை வில்லை கொண்ட சிறு கண்கள்) இன்னும் உண்டு. செசிடோமையினே என்ற உபகுடும்பமே தாவரத்துக்குத் தாவிப் பெருகியது. அதன் காலில், பாதத்தின் முதற்கணு இரண்டாவதைவிட மிகக் குட்டை. உணர்கொம்பில் கண்ணாடி இழை போன்ற வளையங்கள் அதற்கே உரியவை. எள்ளுக்காயைக் கெடுக்கும் அஸ்பொண்டிலியா என்ற கொப்புள ஈ தன் கொப்புளத்துக்குள்ளேயே பூஞ்சணத்தையும் வளர்க்கிறது. இந்தக் குடும்பத்தில் மிக அழகான சங்கதி இதுதான்.

மாவிலைக் கொப்புளங்கள் வெவ்வேறு வடிவில் உள்ளன. (நிலாவெளி)

புரொகொன்டரினியா என்ற கொப்புள ஈப் பேரினத்தில் மாமரத்துக்கே பல இனங்கள். கொப்புள வடிவம் நல்ல துப்பு. தீர்ப்பு ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பில்தான்.

மாதிரியை எப்படிப் பேணுவது? (கிண்ணியா)

வடிவம் பார்க்க 70% எதனோல், டிஎன்ஏவுக்கு 95%. புழுவை முதலில் சுடுநீரில் ஒரு கணம் அமிழ்த்தாவிட்டால் கறுத்துச் சுருங்கும். டிஎன்ஏ மாதிரிக்கு இதைச் செய்ய வேண்டாம். முதிர்ந்த புழுவின் மார்படியில் பழுப்புநிறக் கரண்டி போன்ற தகடு பெரும்பாலும் தெரியும். அதன் நுனி வடிவைக் குறித்துக்கொள்ளுங்கள். உடல் ஒளி ஊடுருவும்படி தெளிய, முதிர் ஈயை 10% பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் ஓர் இரவு ஊறவிடுங்கள். அவசரப்பட்டுக் கொதிக்க வைத்தால் உணர்கொம்பு உதிரக்கூடும், பிறகு இனம் பிரிப்பது கடினம்.