லாபம் சரி, பணம் எங்கே?

பினாங்கில் உள்ள நம் முதலீட்டாளர் குழுவில், கணக்காய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர் இந்த முறை, கம்பெனிக்குள் வந்த பணத்தையும் வெளியே போன பணத்தையும் காட்டும் பணப்பாய்வு அறிக்கை பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி (பாயான் லெப்பாஸ், தொழிற்சாலை டெக்னீஷியன்): ஐயா, நான் பங்கு வைத்திருக்கும் கம்பெனிக்கு வரிக்கு முந்திய லாபம் 12 மில்லியன் வெள்ளி (மலேசிய ரிங்கிட்). ஆனால் தொழில் நடவடிக்கையில் வந்த பணம் மைனஸ் 3 மில்லியன் என்று போட்டிருக்கிறார்கள். லாபம் பார்த்த கம்பெனியில் பணம் எப்படிக் குறையும்?

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய பக்கத்திலேயே விடை இருக்கிறது. வரிவரியாக இறங்கி வாருங்கள். 12 மில்லியனில் தொடங்குகிறார்கள். தேய்மானம், அதாவது இயந்திரம், கட்டடம் பழசாவதற்காகக் கணக்கில் எழுதும் செலவு, 4 மில்லியன்; அது இந்த ஆண்டு கையிலிருந்து போன காசு அல்ல என்பதால் திரும்பக் கூட்ட, 16 ஆகிறது. அடுத்த வரியில்தான் விஷயம். வாடிக்கையாளர்களிடம் நிற்கும் பாக்கி 13 மில்லியன் ஏறியிருக்கிறது. கிடங்கில் சரக்கு 5 மில்லியனுக்குக் கூடியிருக்கிறது. சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டியதில் 1 மில்லியனைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். வரி 2 மில்லியன் கட்டியிருக்கிறார்கள். கூட்டிக் கழித்தால் மைனஸ் 3.

சரக்கு போயிருக்கிறது, காசு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை விற்பனையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பனை 10 விழுக்காடு கூடிய ஆண்டில் பாக்கி 60 விழுக்காடு கூடியிருந்தால், யாருக்கோ கடனை அள்ளிக் கொடுத்து விற்பனையைக் காட்டுகிறார்கள் என்று நான் சந்தேகப்படுவேன். ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் பாக்கியின் வயதுப் பட்டியல் இருக்கும். தவணை தாண்டி 90 நாளுக்கு மேல் நிற்கும் தொகை ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போனால், அந்தப் பங்கில் நான் இருக்கமாட்டேன். ஆண்டுக் கடைசியில் பெரிய ஆர்டர் ஒன்றை அனுப்பிவிட்டு, பணம் இரண்டு மாதம் கழித்து வந்திருந்தால் அது வேறு கதை. அடுத்த காலாண்டில் பாக்கி இறங்கியிருக்கும், தெரிந்துவிடும்.

ஓர் ஆண்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஐந்து ஆண்டு லாபத்தை ஒரு பக்கம், தொழில் நடவடிக்கையில் வந்த ஐந்து ஆண்டுப் பணத்தை (சுருக்கமாக, தொழில் பணம்) மறுபக்கம் கூட்டுங்கள். இரண்டும் எட்டாத தூரத்தில் நின்றால், நிர்வாக இயக்குநரின் வண்ணப்படம் போட்ட முன்னுரையைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை.

கேள்வி (ஜெலுத்தோங்): இரண்டாம் காலாண்டில் தொழில் பணம் 22 மில்லியன், மூன்றாம் காலாண்டில் 25 மில்லியன். நல்ல முன்னேற்றம்தானே அண்ணா?

பதில்: அவசரப்படாதீர்கள். நம் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் வெளியாகும் காலாண்டு அறிக்கையில் லாபக் கணக்குக்கு அந்தக் காலாண்டின் தனி எண்ணும் இருக்கும், ஆண்டுத் தொடக்கத்திலிருந்து சேர்ந்த எண்ணும் இருக்கும். பணப்பாய்வுக்குச் சேர்ந்த எண் மட்டும்தான். 25-இல் 22 போனால் மூன்றாம் காலாண்டில் வந்தது வெறும் 3 மில்லியன். கழிக்காமல் படிப்பவர்கள் நம் குழுவிலேயே நிறையப் பேர்.

கேள்வி (பட்டர்வொர்த், ஓய்வு பெற்ற ஆசிரியை): என் கம்பெனி ஆண்டுதோறும் தவறாமல் லாப ஈவு கொடுக்கிறது. பென்ஷனோடு அதையும் நம்பியிருக்கிறேன். நிலைக்குமா?

பதில்: டீச்சர், தொழில் பணத்திலிருந்து இயந்திரம், கட்டடம் வாங்கிய செலவைக் கழியுங்கள். மீதிதான் பங்குதாரருக்குப் பகிரக்கூடிய பணம். அதற்குக் கீழே, கடன் வாங்குவதும் கட்டுவதும் வரும் நிதிப் பகுதியில் ‘செலுத்திய லாப ஈவு’ என்ற வரி இருக்கும். மீதி 30 மில்லியன், ஈவு 20 மில்லியன் என்றால் நிம்மதியாக இருங்கள். மீதி 8, ஈவு 20, அதே பகுதியில் புதிய வங்கிக்கடன் 15 என்று இருந்தால், உங்களுக்கு வரும் ஈவில் பாதிக்கு மேல் வங்கியின் பணம். வட்டி கட்டப்போவது உங்கள் கம்பெனிதான். இரண்டு மூன்று ஆண்டு இப்படியே ஓடினால் ஈவைக் குறைக்காமல் வழியில்லை.

(2025 முதல் தனிநபருக்கு ஆண்டில் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டும் ஈவுக்கு 2 விழுக்காடு வரி உண்டு. அந்தக் கவலை உங்களுக்கு வந்தால் எங்களுக்கு விருந்து வையுங்கள்.)

கேள்வி (பத்து காவான்): புதுத் தொழிற்சாலை கட்டுவதால் மீதிப் பணம் மைனஸில் போகிறது. விற்றுவிடலாமா?

பதில்: அதற்காக மட்டும் வேண்டாம். தொழில் பணம் திடமாக இருந்து, கட்டுமானச் செலவால் மட்டும் மைனஸ் என்றால் பொறுத்திருக்கலாம். ஆலை ஓடத் தொடங்கியபின் தொழில் பணம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஆண்டுதோறும் ‘விரிவாக்கம்’ என்று செலவழித்தும் அந்த எண் இருந்த இடத்திலேயே இருந்தால், அது விரிவாக்கம் இல்லை, பழசைப் புதுப்பிக்கும் செலவு.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): பல கிளைகள் உள்ள சில்லறைக் கடைக் கம்பெனி ஒன்றில், வியாபாரம் அப்படியே இருக்க, 2019-இல் தொழில் பணம் மட்டும் எகிறியது. என்ன மாயம்?

பதில்: கணக்கு விதி செய்த மாயம். எம்எஃப்ஆர்எஸ் (மலேசிய நிதி அறிக்கைத் தரங்கள்) 16 என்ற விதி 1.1.2019-இல் தொடங்கும் நிதியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதுவரை தொழில் செலவில் இருந்த கடை வாடகையின் பெரும்பகுதி, இனி கட்ட வேண்டிய வாடகையையும் கடனாகக் கருதுவதால், குத்தகைக் கடனைத் திருப்பிக் கட்டுவதாக நிதிப் பகுதிக்குப் போய்விட்டது. காசு அதே காசு, வெளியே போவதும் அதே வீட்டுக்காரருக்கு. நிதிப் பகுதியில் அந்தத் தொகையைத் தேடிப்பிடித்துத் தொழில் பணத்திலிருந்து நீங்களே கழித்துவிடுங்கள். இல்லையென்றால் பழைய ஆண்டுகளோடு ஒப்பிட முடியாது. 2027-இல் எம்எஃப்ஆர்எஸ் 18 வருகிறது. பெரும்பாலான கம்பெனிகளில் கட்டிய வட்டி நிதிப் பகுதிக்கும், பெற்ற வட்டி முதலீட்டுப் பகுதிக்கும் போகும். அப்போதும் இதே கேள்வி வரும்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): இவ்வளவு எதற்கு? வங்கியில் நிறையப் பணம் இருந்தால் போதாதா?

பதில்: உண்மையிலேயே இருந்தால் போதும்! 2009-இல் இந்தியாவின் சத்யம் நிறுவனத் தலைவர் தம் கடிதத்தில் ஒப்புக்கொண்டது என்ன? கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. சேர்ந்ததாகக் காட்டிய 376 கோடி ரூபாய் வட்டியும் இல்லை. 2020-இல் ஜெர்மனியின் வயர்கார்டில் 190 கோடி யூரோ இப்படித்தான் காணாமல் போனது. இரண்டுக்கும் பெரிய தணிக்கை நிறுவனங்கள் பல ஆண்டு கையெழுத்துப் போட்டிருந்தன.

நாம் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. பணப்பாய்வு அறிக்கையில் ‘பெற்ற வட்டி’ என்ற வரியை எடுத்து, சராசரி வங்கி இருப்பால் வகுங்கள். ஊரெல்லாம் நிரந்தர வைப்புக்கு 3 விழுக்காடு கிடைக்கும்போது இவர்களுக்கு அரை விழுக்காடுதான் வருகிறது என்றால், பணம் ஆண்டுக் கடைசி நாளுக்கு மட்டும் வந்து தலைகாட்டிப் போகிறதா என்று கேளுங்கள். கடனுக்கு ஈடாக வங்கியில் முடங்கிய வைப்புத்தொகை எவ்வளவு என்பதும் குறிப்பில் இருக்கும். அது பேருக்குத்தான் பணம்.

கையில் இவ்வளவு வைத்துக்கொண்டு ஏன் 6 விழுக்காட்டில் கடன் வாங்குகிறார்கள் என்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பிஸ்கட்டுக்கும் அன்பளிப்புப் பைக்கும் மட்டுமா போகிறோம்?

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம்): மேபேங்க் பங்குக்கும் இதே முறைதானா?

பதில்: வேண்டாம். வங்கிக்குப் பணம்தான் சரக்கு. மக்கள் வைப்பு போட்டால் தொழில் பணம் ஏறும், வங்கி கடன் கொடுத்தால் இறங்கும். அதை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. வங்கிப் பங்குக்கு வாராக்கடன் விகிதத்தையும் (கொடுத்த கடனில் திரும்பி வராமல் நிற்பது எவ்வளவு), மூலதன விகிதத்தையும் (நட்டம் வந்தால் தாங்க வங்கியின் சொந்தப் பணம் எவ்வளவு) பாருங்கள்.