புது கம்ப்யூட்டரிலிருந்து பழசுக்கு ஃபைல் அனுப்பினால் ஏன் நத்தை வேகம்? கேள்வி பதில்

கேள்வி: சார், என் டெஸ்க்டாப்பில் கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்) நெட்வொர்க் போர்ட். பழைய லேப்டாப்புக்கு காப்பி செய்தால் நொடிக்கு 11 எம்பிக்கு (மெகாபைட்டுக்கு) மேல் ஏறுவதே இல்லை. ரவுட்டரை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். 11 என்ற எண்ணிலேயே விடை இருக்கிறது: வழியில் ஏதோ ஓரிடம் 100 மெகாபிட்டில் நிற்கிறது. எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட்; தரவு சிறு துண்டுகளாக, அதாவது பாக்கெட்டுகளாகப் போவதால், அவற்றின் முகவரித் தகவல்களுக்குப் போக 11 சொச்சம்தான் கைக்கு வரும். கிகாபிட்டாக இருந்தால் 110-ஐத் தாண்டும். லேப்டாப்பின் போர்ட்டே 100 மெகாபிட்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் கேபிள். 100 மெகாபிட்டுக்கு நான்கு கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரே ஒரு கம்பி கேபிள் முனையில் சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டாலும் (அழுத்திப் பொருந்தாவிட்டாலும்) இணைப்பு 100-க்கு இறங்கிவிடலாம். விளக்கு எரியும், இன்டர்நெட்டும் வரும், அதனால் யாரும் கேபிளைச் சந்தேகிப்பதில்லை.

கேள்வி: ராஸ்பெர்ரி பை 3 பி பிளஸ் என்ற சின்னக் கணினியில் கிகாபிட் என்று போட்டிருக்கிறார்கள். 30 எம்பி வருவதே பெரும்பாடு.

பதில்: அதன் ஈதர்நெட் (நெட்வொர்க் கேபிள் இணைப்பு), யுஎஸ்பி 2.0 வழியாகத்தான் செயலிக்குப் போகிறது. உச்சம் 300 மெகாபிட். பை 4-ல் இந்தத் தடை இல்லை.

கேள்வி: என்னிடம் இருப்பது பை 4 தான் அண்ணா. எஸ்சிபியில் (குறியாக்கம் செய்து ஃபைல் அனுப்பும் கட்டளை) அனுப்பும்போது செயலியின் ஒரு கோர் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறது.

பதில்: குறியாக்கம்தான் காரணம். ஏஇஎஸ் என்ற குறியாக்க முறைக்கான தனிக் கட்டளைகள் பை 4 செயலியில் இல்லை, பை 5-ல் உண்டு. அந்தக் கட்டளைகள் தேவைப்படாத சாசா20 என்ற குறியாக்க முறையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சுருக்கி அனுப்பும் வசதி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், அதுவும் அந்தச் செயலிக்குச் சுமைதான்.

கேள்வி: மெதுவான கணினி மூழ்கிவிடாமல் இருக்க, அனுப்பும் வேகத்தை நானே குறைக்க வேண்டுமா?

பதில்: ஃபைல் போவது டிசிபி (போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்த்து அனுப்பும் நெட்வொர்க் விதிமுறை) வழியாக என்றால் வேண்டாம். பெறும் கணினி, வரும் தரவை வாங்கி வைக்கத் தன் நினைவகத்தில் எவ்வளவு இடம் மிச்சம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இடம் தீர்ந்தால் பூஜ்யம் என்று சொல்லும், அனுப்புவது நின்றுவிடும். சிக்கல், நடுவில் கணினிகளை இணைக்கும் சுவிட்ச் என்ற பெட்டியில். கிகாபிட்டில் உள்ளே வருவது 100-ல் வெளியேறும்போது அதன் சின்ன நினைவகம் நிரம்பி, பாக்கெட்டுகள் உதிரும். 1986-ல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, சுமார் 400 கெஜ தூரத்தில், இத்தகைய நெரிசலால் நொடிக்கு 32 கிலோபிட் வேகம் வெறும் 40 பிட்டாகச் சரிந்தது. அதன்பின் அந்த ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சன் செய்த திருத்தங்களால்தான், பாக்கெட் தொலைந்தால் டிசிபி தானாகவே வேகத்தைத் தணிக்கிறது. எனக்கு இன்றைக்கும் வியப்பூட்டும் வேலை அது.

சரிபார்க்காமல் அனுப்பும் யுடிபி என்ற விதிமுறைக்கு இந்த பிரேக் கிடையாது. பழைய கணினியில் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் பகிரும் முறை) யுடிபியில் ஓடினால், 8 கேபி தொகுதி ஒன்று ஆறு துண்டுகளாகப் போகும். ஒரு துண்டு தொலைந்தாலும் ஆறையும் திரும்ப அனுப்ப வேண்டும். டிசிபிக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு கேபிள், போர்ட் எல்லாம் கிகாபிட். ஆயிரக்கணக்கான போட்டோக்களை அனுப்பினால் மட்டும் இழுக்கிறது.

பதில்: ஒவ்வொரு ஃபைலுக்கும் திறப்பது, எழுதுவது, மூடுவது என்று தனித்தனி வேலை. பழைய ஹார்ட் டிஸ்க் அதில்தான் திணறும். டார் (பல ஃபைல்களை ஒன்றாக்கும் கட்டளை) கொண்டு ஒரே கட்டாக்கி அனுப்புங்கள். அதற்கு முன் ஐபெர்ஃப் என்ற வேகச் சோதனை மென்பொருளை இரு கணினிகளிலும் ஓட்டுங்கள். அது டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் அளக்கும். அதில் 900 மெகாபிட்டுக்கு மேல் காட்டினால் நெட்வொர்க்கில் கை வைக்காதீர்கள், டிஸ்க்கைப் பாருங்கள்.