மாமாவுக்கு ஆர் செபிக்கிறது?

அன்பான அக்காவுக்கு,

முல்லைத்தீவு மாவட்டத்தில ஒரு கிராமத்தில இருந்து எழுதுறன். எனக்கு 15 வயசில ஒரு மகன், அவனுக்குக் கீழ ஒரு மகள். மகனைப் பற்றித்தான் கவலை. போன வருசம் ஐப்பசி செபமாலை மாதம் முழுக்க முழங்காலில நிண்டு செபம் சொன்ன பிள்ளை. பீடத்தில பூசைக்கு உதவி செய்தவன். இப்ப ஞாயிறு பூசைக்கு எழுப்பினால் தலையிடி எண்டு படுக்கிறான். பின்னேரம் செபமாலை தொடங்கினால் போனையும் கொண்டு கிணத்தடிக்குப் போயிடுவான்.

ஆவணியில மடு மாதா கோவில் திருவிழாவுக்குக் கூடாரம் அடிச்சு மூண்டு நாள் இருந்தம். அவன் வரேல்ல. ஊர்ச்சனம் முழுக்க "மகன் எங்க?" எண்டு கேட்டுது. எனக்கு முகம் குடுக்க ஏலாமல் போச்சு. மாமி ஊரெல்லாம் சொல்லித் திரியிறா, தாய் வளர்த்த வளர்ப்பு எண்டு. பக்கத்து வீட்டுப் பெடியன் பாடகர் குழாமில பாடுறான். வாற வருசம் உறுதிப்பூசுதல், அந்த வகுப்புக்கும் போகமாட்டானாம். போனைப் பறிச்சுப் பாத்தன், அடிச்சுப் பாத்தன், பூசைக்கு வராட்டில் சாப்பாடு இல்லை எண்டும் சொல்லிப் பாத்தன்.

என்ர அம்மாவும் எங்களோடதான். போன கார்த்திகை (நவம்பர்) 2ஆம் திகதி, மரித்தோர் நாள் பூசைக்கு மரித்தவையின்ர பேர் எழுதேக்க இவன் ஏதோ கேட்டான், "மாமான்ர பேரை இதிலயும் எழுதுறேல்ல, வீட்டுச் செபத்திலயும் சொல்லுறேல்ல, அப்ப மாமாவுக்கு ஆர் செபிக்கிறது?" எண்டு. எனக்கு ஒரு தம்பி இருந்தவன், இருக்கிறான், 2009இல சண்டை முடியேக்க சனம் கடந்து வந்த வட்டுவாகலோட தகவல் இல்லை. அம்மம்மாவுக்கு முன்னால இப்பிடிக் கேக்காத எண்டு வாயில ஒண்டு போட்டன். அதை விடுங்கோ, இந்த வயசில விண்ணாணம் கதைக்கிறதுதானே. இப்ப இவனை எப்பிடித் திரும்பப் பூசைக்குக் கொண்டுவாறது? இப்பிடியே விட்டால் ஊர் என்ன சொல்லும்?

ஒரு தாய்

*

அன்பான தங்கச்சி,

"அதை விடுங்கோ" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதை விடப்போவதில்லை. ஐப்பசி முழுக்க முழங்காலில் நின்ற பிள்ளை என்று நீங்களே சொல்கிறீர்கள். ஐப்பசி முடிந்து இரண்டாம் நாள் அவன் ஒரு கேள்வி கேட்டான், வாயில் அடி விழுந்தது. கிணற்றடியும் போனும் அதற்குப் பிறகு வந்தவை.

அவன் கேட்டதில் விண்ணாணம் எதுவும் இல்லை. செபத்தை வாய்ப்பாடாக ஒப்புவிக்கிற பிள்ளை, அதில் யாருடைய பெயர் விடுபட்டது என்று கவனிக்காது. இவன் கண்ணால் காணாத ஒரு மாமாவுக்காக, மரித்தோர் பட்டியலையும் வீட்டுச் செபத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறான். பத்துப் பன்னிரண்டு வயது வரை தாய் சொல்லும் செபத்தைப் பிள்ளையும் சொல்லும், அதுவே அதற்குப் போதும். 13, 14இல் "அப்படியென்றால்" என்று கேட்கத் தொடங்குவார்கள். விசுவாசம் அவர்களுடையதாக மாறுகிற இடம் அது. பதில் தெரியாத தாயால் அந்த இடத்தில் பிள்ளை கெட்டுப்போவதில்லை. கேட்டதற்கு அடி வாங்கினால், இந்த வீட்டுச் செபத்துக்குள் உண்மை பேச முடியாது என்று விளங்கிக்கொண்டு எழும்பிப் போய்விடுகிறது.

உங்கள் வலியும் எனக்கு விளங்குகிறது. "இருந்தவன், இருக்கிறான்" என்று ஒரே வரியில் திருத்தி எழுதியிருக்கிறீர்கள். போலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில், வியட்நாம் போரில் காணாமல்போன படையினரின் குடும்பங்களோடு வேலை செய்து, இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். உடலும் இல்லை, தகவலும் இல்லை. துக்கத்தைத் தொடங்கவும் முடியாது, முடிக்கவும் முடியாது. 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் வாசலில் காணாமல்போன பிள்ளைகளின் படங்களோடு போராட்டத்துக்குக் குந்திய தாய்மாருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. இப்படிப்பட்ட வீடுகளில் அந்தப் பெயரைச் சொல்லாமல் இருப்பதே வீட்டுச் சட்டமாகிவிடும். மகன் அந்தச் சட்டத்தை மீறினான், நீங்கள் பயந்து அடித்தீர்கள். பயம் நியாயம், அடித்தது பிழை. சாப்பாட்டைக் காட்டி மிரட்டியது அதைவிடப் பிழை.

அவன் கேள்விக்குத் திருச்சபையில் பதில் இருக்கிறது. உயிரோடு இருப்பவர், மரித்தவர் எவருக்காகவும் குருவானவர் பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஒருவருக்கு, "மரித்த" என்ற சொல்லைப் போடாமல், பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் முதலில் உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். பெயரை எழுதுவது பிள்ளையைத் தன் கையால் சேமக்காலைக்கு அனுப்புவது போல என்று அவர் நினைக்கக்கூடும். "எங்க இருந்தாலும் ஆண்டவர் கையில இருக்கட்டும்" என்று சொல்லிப்பாருங்கள். அவர் சம்மதிக்காமல் மரித்தோர் பட்டியலில் எழுதவே வேண்டாம்.

மகனோடு கதைக்கச் செபநேரத்தைத் தெரிவு செய்யாதீர்கள். கிணற்றடிக்கே போங்கள். "நீ கேட்டது சரியான கேள்வி. எனக்குப் பதில் தெரியேல்ல, அதாலதான் அடிச்சனான். அது பிழை." இவ்வளவுதான். அதோடு சேர்த்து "அப்ப ஞாயிறு வருவியோ?" என்று கேட்டுவிட்டால், மன்னிப்பும் தூண்டில் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். பிறகு ஒரு நாள் மாமாவைப் பற்றிச் சொல்லுங்கள்: என்ன விளையாடினார், எதற்குச் சிரிப்பார், யாருக்குப் பயப்படுவார். அவனுக்கு இதுவரை காணாமல்போனது மட்டும்தான் தெரியும்.

செபமாலையைக் கொஞ்ச நாளைக்குப் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதியாக மட்டும் குறைத்துச் சொல்லுங்கள். தொடங்கமுதல் ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொல்லட்டும். மகன் வந்து இருந்தால் இருக்கட்டும், போனால் போகட்டும், பெயர் சொல்லாவிட்டாலும் கேட்காதீர்கள். திருப்பாடல் 88ஐ ஒருநாள் வாசியுங்கள். மற்றப் புலம்பல்களில் பெரும்பாலானவை கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பும், அது இருளிலேயே நின்றுவிடும். அதைத்தான் திருச்சபை வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் வைத்திருக்கிறது. கோபமும் செபத்துக்குள் சேர்த்தி என்று அவன் அறியவேண்டும்.

உறுதிப்பூசுதல் பிந்தினால் பிந்தட்டும். விவரம் அறிந்த வயதில் அதைப் பெறுபவர் தன் திருமுழுக்கு வாக்குறுதிகளைத் தானே புதுப்பிக்கவேண்டும். விசுவாசத்தை யார் மீதும் திணிக்கக்கூடாது என்று 1965இல் உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே சொல்லிவிட்டது. அப்பா அம்மாவுக்காக "விசுவசிக்கிறேன்" என்று சொல்ல வைத்தால் அது அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பொய்.

மாமியைப் பற்றியும் பக்கத்து வீட்டுப் பெடியனைப் பற்றியும் நான் ஒன்றும் எழுதவில்லை. உங்கள் கடிதத்தில் ஊர் மூன்று தரம் வருகிறது தங்கச்சி, கடவுள் ஒரு தரமும் வரவில்லை. தம்பியின் பெயரும் இல்லை.

கார்த்திகை 2 வரப்போகிறது. அம்மா சம்மதித்தால் பெயரை எழுதச் சொல்லிப் பேனையை மகனிடம் கொடுத்துப்பாருங்கள். வாங்காவிட்டால் வற்புறுத்தாமல் நீங்களே எழுதி, கோவிலுக்குக் கொண்டுபோகும் வரைக்கும் அந்தக் கடதாசியை அவன் காண மேசையில் வையுங்கள்.