உதட்டுக் கொப்புளத்தோடு பச்சைக் குழந்தையைப் பார்க்கப் போகலாமா?

கேள்வி: டாக்டர், காய்ச்சல் வந்தால் போதும், இரண்டு மூன்று நாளில் கீழுதட்டு ஓரம் கொத்தாகக் கொப்புளம் வந்துவிடுகிறது. மாமியார் அக்கி என்று சொல்லி, குயவர் வீட்டில் காவி எழுதி வரச் சொல்கிறார். கணவரோ போனில் இது ‘ஹெர்பிஸ்’, பால்வினை நோய் என்று படித்ததிலிருந்து சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தங்கைக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது, போய்ப் பார்க்கலாமா?
- ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: முதலில் இதை உங்கள் கணவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸ்தான், ஆனால் உதட்டில் வருவது பெரும்பாலும் அதன் முதல் வகை, சின்ன வயதில் யாரோ ஒரு சொந்தக்காரர் கொஞ்சி முத்தம் கொடுத்ததில் தொற்றியிருக்கும். உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேரிடம் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அவருக்கே இருக்கலாம், பலருக்குக் கொப்புளமே வராது. இதை வைத்து ஒரு பெண்ணைச் சந்தேகப்படுவது பெரிய அநியாயம். பிறப்புறுப்பில் வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. ஆனால் முதல் வகையும் வாய்வழி உறவில் அங்கே தொற்றும் என்பதால் புண் ஆறும்வரை அதைத் தவிருங்கள்.

அக்கி வேறு. பழைய சின்னம்மை வைரஸ் பல வருஷம் கழித்து எழும்பி, உடம்பின் ஒரு பக்கமாகப் பட்டைபோல வருவது அது. எதுவானாலும் திறந்த புண்ணில் காவி மண் வேண்டாம்.

உங்கள் வைரஸ் முகத்து நரம்பின் முடிச்சில் படுத்திருக்கிறது, அதை அடியோடு விரட்ட இன்னும் மருந்து இல்லை. காய்ச்சல், மாதவிலக்கு, தூக்கம் கெடுவது, தேவனாம்பட்டினம் கடற்கரையில் உச்சிவெயிலில் நிற்பது என்று ஏதாவது சாக்கு கிடைத்தால் நரம்பு வழியே இறங்கி வரும். கொப்புளத்துக்கு முன்னால் அந்த இடம் சுருசுருவென்று குத்தும் பாருங்கள், மாத்திரையை அப்போதே தொடங்கினால்தான் நல்ல பலன். ஏசைக்ளோவிர் மாத்திரைக்கு முன்கூட்டியே டாக்டரிடம் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அவரிடம் சொல்லுங்கள், அளவு மாறும். மெடிக்கல் ஷாப்பில் ஏதோ ஒரு களிம்பு கேட்டு வாங்கிப் பூசாதீர்கள், பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், புண் பரவும். கொப்புளத்தைத் தொட்ட கையோடு கண்ணைத் தேய்க்கவும் கூடாது. கண் சிவந்து வலித்து வெளிச்சம் கூசினால் அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள்.

சரி, தங்கை குழந்தை. பொருக்கு உதிர்ந்து தோல் முழுதாக ஆறும்வரை போகவே வேண்டாம், தங்கை கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, காரணத்தைச் சொல்லுங்கள். கொப்புளம் இல்லாத நாளிலும் எச்சிலில் வைரஸ் வரலாம், அதனால் ஆறிய பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவித் தூக்குங்கள், முகத்தில் முத்தம் மட்டும் வேண்டாம். பச்சைக் குழந்தைக்கு இது மூளைவரை போய் உயிரையே எடுக்கலாம். ஒரு மாதக் குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, உடம்பு சுட்டாலோ, தோலில் நீர்க்கொப்புளம் தெரிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் கடலூர் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ உடனே தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லுங்கள், வீட்டில் யாருக்கு உதட்டில் கொப்புளம் இருந்தது என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.