பெட்டியடியில் இருந்த கணினி

அன்புள்ள ஆசிரியருக்கு,

காரைக்குடியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரைக் கல்லூரியில் படிக்கும் என் மகள் 'கணினி' என்கிறாள். நேற்று முளைத்த சொல்லாக எனக்குப் படுகிறது. கம்ப்யூட்டருக்கு ஆங்கிலத்தில்தான் என்ன பொருள்? ரங்கூனில் பெட்டியடிப் பையனாக (பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு வேலை பழகும் பையன்) வேலையைத் தொடங்கிய என் ஐயா, கால்குலேட்டர் காட்டும் தொகையையும் மனக்கணக்காக ஒருமுறை கூட்டிப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்வார். அந்த நினைவும் சேர்ந்து வந்ததால் கேட்கிறேன்.

ஒரு வாசகர், காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஐயாவே கம்ப்யூட்டர்தான். கேலி செய்யவில்லை. 1613இல் ஆங்கிலத்தில் அச்சேறியபோது அந்தச் சொல் காலத்தைக் கணக்கிடும் ஆளைக் குறித்தது. பிறகு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மனிதர்களுக்கே அந்தப் பெயர். ஹார்வர்டு வானாய்வகத்தில் சம்பளத்துக்கு விண்மீன் கணக்குப் போட்ட பெண்களையும் அப்படித்தான் அழைத்தார்கள். பொறி பிந்தி வந்து ஆளின் பெயரைச் சுவீகரித்துக்கொண்டது.

லத்தீன் வேர் இன்னும் சுவையானது. 'புடாரே' என்றால் கணக்கிடுதல். கிளை கழித்தல் என்றும் பொருள். நாமும் ஆட்டுக்குக் கிளையைக் கழிக்கிறோம், பேரேட்டில் வரவிலிருந்து செலவைக் கழிக்கிறோம். (இதை வைத்துக்கொண்டு லத்தீன் தமிழிலிருந்து பிறந்தது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.)

'கணினி' புதுச்சொல்தான், மறுக்கவில்லை. வேரான 'கணி' உங்கள் வட்டாரத்துக்கே பழகியது. 'யாதும் ஊரே' பாடிய கணியன் பூங்குன்றனாரின் ஊர், திருப்பத்தூர்ப் பக்கத்து மகிபாலன்பட்டி என்பார்கள். கணியன் என்றால் நாளும் கோளும் பார்த்துக் காலம் கணிப்பவன். 1613ஆம் ஆண்டு ஆங்கிலச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைக்குமா? 'கணிப்பொறி'யும் பிழையில்லை, ஆனால் அதில் பொறிதான் முன்னால் வந்து நிற்கிறது. என் ஓட்டு உங்கள் மகளுக்கே.

ஐயாவின் சந்தேகத்துக்கு வருகிறேன். முந்திரி என்று 320இல் ஒரு பங்குக்கும் பெயர் வைத்து, அதற்கும் வாய்ப்பாடு ஒப்பித்த கணக்கு மரபு நம்முடையது. அதில் வந்தவர் பித்தானை அமுக்கியதும் வந்த தொகையை எப்படி நம்புவார்? 1962இல் பூமியைச் சுற்றப் புறப்படவிருந்த ஜான் கிளென்னும் நம்பவில்லை. இயந்திரம் போட்ட கணக்கைக் கேத்தரின் ஜான்சன் சரிபார்க்கட்டும் என்றார். அந்த அம்மையார் நாசாவில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர். கணக்கு ஒத்துப்போனது, கிளென் விண்கலத்தில் ஏறினார்.