ரூபாயால் பெருக்காதீர்கள்: பெட்ரோல், வண்டி, குடும்பச் செலவு பற்றிய கேள்வி பதில்

நாமக்கல்லில் டேங்கர் லாரிகளுக்குக் கணக்கு எழுதியவன் நான். பிறகு துபாயிலும் சிங்கப்பூரிலும் சரக்கு நிறுவனங்களில் டீசல் செலவைப் பார்ப்பதே பிழைப்பாக இருந்தது. இப்போது திருச்செங்கோட்டில் இருக்கிறேன். இங்கே சொல்லும் விலைகளும் வரிகளும் கட்டணங்களும், வேறு ஆண்டைக் குறிப்பிடாத வரை, 2025-ஆம் ஆண்டுக்கானவை. எந்தக் கார் வாங்கலாம், விசா எப்படிக் கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கோபிசெட்டிபாளையம், விவசாயி: ஐயா, மகன் டெக்சாஸில் இருக்கிறான். அங்கே பெட்ரோல் 3 டாலர் என்கிறான். 260 ரூபாய் ஆகிறதே! அந்த விலையில் தினமும் 80 கிலோமீட்டர் வேலைக்குப் போய் வருகிறானாம். கட்டுப்படியாகுமா?

பதில்: அவன் சொன்னது கேலன் விலை, லிட்டர் விலை அல்ல. அமெரிக்க கேலன் என்பது 3.785 லிட்டர். வகுத்துப் பாருங்கள், லிட்டர் 79 சென்ட், நம் பணத்தில் 70 ரூபாய்க்குள். கோவையில் 101 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறோம். விலையிலேயே அவனுக்கு மலிவு.

ஆனால் ரூபாயால் பெருக்குவதை நிறுத்துங்கள். அது கடைசியில் பார்க்க வேண்டிய கணக்கு. ஒரு மணி நேர உழைப்பு எத்தனை லிட்டர் வாங்கும் என்று பாருங்கள். டெக்சாஸில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009-க்குப் பிறகு அது உயரவே இல்லை. அந்தக் கூலிக்கே ஒன்பது லிட்டர் வரும். இங்கே நாள் கூலி 600 ரூபாய் என்று வையுங்கள். எட்டு மணி நேரம் வேலை செய்தால் ஆறு லிட்டர்கூட முழுதாக வராது. உங்கள் மகனின் 80 கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர் போதும். ஒரு மணி நேரக் கூலியில் பாக்கி இருக்கும்.

மலிவுக்குக் காரணம் வரி. அமெரிக்க மத்திய அரசு கேலனுக்கு 18.4 சென்ட் வாங்குகிறது. 1993-லிருந்து அதே தொகைதான். டெக்சாஸ் மாநில வரி 20 சென்ட். இரண்டும் சேர்ந்து லிட்டருக்குப் பத்து சென்ட் சொச்சம். நமக்கு மத்திய கலால் வரி மட்டும் லிட்டருக்கு 21.90 ரூபாய். அதன்மேல் தமிழ்நாட்டு வரி 13 சதவீதமும் லிட்டருக்கு 11.52 ரூபாயும். மொத்தம் நாற்பதைத் தாண்டிவிடும்.

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலான ஊர்களில் கார் இல்லாவிட்டால் பால் வாங்கவும் போக முடியாது. கார் தவணை, காப்பீடு எல்லாம் அவன் குடும்பச் செலவில் கட்டாயம். பெட்ரோல் அதில் சின்னப் பங்குதான்.

திருப்பூர், பின்னலாடை நிறுவன ஊழியர்: துபாயில் 4,000 திர்ஹாம் சம்பளத்துக்கு அழைக்கிறார்கள் அண்ணா. பெட்ரோல் மலிவாமே, போனதும் கார் வாங்கிவிடலாமா?

பதில்: மலிவுதான். 2015 ஆகஸ்டிலிருந்து அங்கே மாதம் ஒருமுறை விலை அறிவிக்கிறார்கள். 2025 முழுவதும் உயர்தரப் பெட்ரோல் லிட்டர் 2.57-க்கும் 2.77 திர்ஹாமுக்கும் இடையிலேயே நின்றது. ஆனால் தம்பி, கார் வைத்திருக்கும் செலவு பெட்ரோல் பங்க்கோடு முடிவதில்லை. நெரிசல் நேரத்தில் ஒவ்வொரு சாலிக் சுங்க வாயிலிலும் 6 திர்ஹாம் போகும். நிறுத்துமிடக் கட்டணம் தனி. இந்திய உரிமத்தை அப்படியே மாற்றித் தர மாட்டார்கள். தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி வாங்க வேண்டும். தவறுகளுக்குக் கரும்புள்ளி போடுவார்கள். 24 சேர்ந்தால் உரிமம் முடங்கும். 4,000 திர்ஹாமில் கார் வேண்டாம், மெட்ரோவில் போங்கள். தங்குமிடம் நிறுவனம் தருகிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அந்த ஒரு வரிதான் நீங்கள் ஊருக்கு அனுப்பப்போகும் பணத்தைத் தீர்மானிக்கும்.

கோவை, பீளமேடு: சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்காரர் நல்ல சம்பளக்காரர். ஆனாலும் பஸ்ஸில்தான் போகிறார். கஞ்சத்தனமா?

பதில்: உங்கள் மாப்பிள்ளை கெட்டிக்காரர். அங்கே காரைவிடக் கார் வைத்திருக்கும் உரிமைக்குத்தான் விலை அதிகம். 1990-லிருந்து அந்த உரிமையை ஏலத்தில் விடுகிறார்கள். பத்து ஆண்டுகள் செல்லும், அவ்வளவுதான். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான பிரிவிலேயே அந்தச் சீட்டு 1,06,000 சிங்கப்பூர் டாலருக்குப் போனது. அதன்பிறகே கார் விலை, பதிவுக் கட்டணம், சாலைக் கட்டணம் எல்லாம்.

இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். பாலத்தைத் தாண்டினால் மலேசியாவின் ஜொகூர். அங்கே பெட்ரோல் மிக மலிவு. அதனால் சிங்கப்பூர் கார் நாட்டைவிட்டு வெளியே போகும்போது டேங்கில் முக்கால் பங்கு இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். மலேசியாவும் சளைத்ததல்ல. மானிய விலையில் தரும் ரான் 95 ரகப் பெட்ரோலை வெளிநாட்டுப் பதிவு வண்டிக்கு ஊற்றக்கூடாது என்கிறது. நல்லவேளை, கேரள எல்லையான வாளையாறில் யாரும் நம் டேங்கை எட்டிப் பார்ப்பதில்லை.

பொள்ளாச்சி, தென்னை வியாபாரி: வாளையாறு என்றதும் கேட்கிறேன். கேரள வண்டிகள் நம் பக்கம் வந்து ஊற்றுகின்றன. நம் லாரிகளோ கர்நாடகத்தில் ஊற்றுகின்றன. எது உண்மையில் மலிவு?

பதில்: இரண்டு பேரும் சரியாகத்தான் செய்கிறார்கள். கேரளத்தில் பெட்ரோல் வரி 30 சதவீதத்துக்கு மேல். 2023-இல் சமூகப் பாதுகாப்புக்காக லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதலாகவும் போட்டார்கள். அதனால் பாலக்காட்டுக்காரருக்கு நம் பங்க் லாபம். கர்நாடகத்தில் கதை வேறு. பெட்ரோல் நம்மைவிடக் கூடுதல், டீசல் ஒன்றிரண்டு ரூபாய் குறைவு. 300 லிட்டர் ஊற்றும் ட்ரெயிலருக்கு அது ஒரு டிரைவரின் படிக்காசு. ஓசூர் வரை டேங்கைக் காலியாக ஓட்டிக்கொண்டு போவதற்கு அதுதான் காரணம்.

சங்ககிரி, ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர்: விலையைப் பேசுகிறீர்களே, ஓட்டும் முறையைப் பேசுங்கள். நாங்கள் அந்தக் காலத்தில் இறக்கம் வந்தால் நியூட்ரலில் விட்டுவிடுவோம். டீசல் மிச்சம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை.

பதில்: தெரியாமல் இருப்பதே நல்லது, அண்ணா. இப்போதைய இன்ஜின்களில் கியரில் இருந்துகொண்டு ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால் கணினி எரிபொருளை முழுதாக நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கவே அது எரிபொருள் குடிக்க வேண்டும். ஆக, மலை இறக்கத்தில் நியூட்ரல் செலவு, கியர் இலவசம்.

வால்பாறை, வாடகைக் கார் ஓட்டுபவர்: ஆழியாறு இறக்கத்தில் 40 கொண்டை ஊசி வளைவுகள். நியூட்ரலில் இறங்கிய சுற்றுலா வண்டிகளில் பிரேக் தீய்ந்து வரும் வாடை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்களுக்குப் பழக்கம்.

சங்ககிரி, அதே ஓட்டுநர்: கொல்லிமலையில் 70 வளைவுகள். பாரத்தோடு இறக்கியிருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

பவானி, மெக்கானிக்: பழைய கார்புரேட்டர் வண்டியில் சங்ககிரி அண்ணன் சொல்வது உண்மை. கியரில் இறங்கினாலும் அது பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பழைய டீசல் பம்பில் அப்படி இல்லை. ஆக்ஸிலரேட்டரை விட்டால், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னரே அதை நிறுத்திவிடும். அதனால் லாரிக்கு அந்தக் கணக்கு அப்போதும் பொருந்தாது.

சங்ககிரி, அதே ஓட்டுநர்: பெருந்துறைப் பக்கம் சாலை லேசாக ஏறி இறங்குமே, அங்கே? கியரில் இருந்தால் வண்டி தானாக வேகம் குறைகிறது. நியூட்ரலில் அரை மைல் சும்மா ஓடுகிறது. மிச்சமா இல்லையா?

பதில்: இது நல்ல கேள்வி. லேசான சரிவில் மிச்சம் உண்டு. கியரில் இருந்தால் இன்ஜின் இழுவையால் வேகம் குறையும், மறுபடி மிதிக்க வேண்டிவரும். சில புதிய வெளிநாட்டுக் கார்கள் இதைத் தாமாகவே செய்கின்றன. ஆனால் அது சமதளத்துக் கணக்கு. அதை மலைக்குக் கொண்டு போகக்கூடாது. கலிஃபோர்னியாவில் இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது சட்டப்படியே குற்றம். பிரிட்டனின் சாலை விதிகளும் வேண்டாம் என்றே சொல்கின்றன. லாரியில் இன்ஜினையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம். பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரசர் நின்றுவிடும். ஒவ்வொரு மிதிக்கும் காற்று குறையும், நிரப்ப ஆள் இல்லை. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இன்ஜின் புகையைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் போடுங்கள்.

ஈரோடு: நியூட்ரலிலேயே நிற்கிறோமே, வெளிநாட்டுக்கு எப்போது போவோம்? குவைத்தில் லிட்டர் எவ்வளவு?

பதில்: சாதாரண ரகம் 85 ஃபில்ஸ், ஆயிரம் ஃபில்ஸ் ஒரு தினார். அரசு தன் எண்ணெயைத் தன் மக்களுக்குக் குறைத்துத் தருகிறது.

கரூர்: சவூதியில் எவ்வளவு?

பதில்: 91 ரகம் 2.18 ரியால். விலைப்பட்டியல் வாசிப்பதற்காக நான் உட்காரவில்லை.

தாராபுரம்: அமெரிக்காவில் 3 டாலர் என்றால் 260 ரூபாய்தானே? நம் ஊரே மலிவு என்று சொல்லலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

அவிநாசி: பெட்ரோலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவந்தால் என்ன?

பதில்: 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோதே தள்ளிவைத்தார்கள். எப்போது சேர்ப்பது என்பதை ஜி.எஸ்.டி. மன்றம் பரிந்துரைக்க வேண்டும். மாநிலங்கள் தம் விருப்பப்படி ஏற்றி இறக்கக்கூடிய வரிகள் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. அதில் பெரியது இது. எந்த நிதியமைச்சரும் எளிதில் விடமாட்டார்.

நாமக்கல், கோழிப்பண்ணை: பெட்ரோலை விடுங்கள். முட்டையைப் பேசுங்கள். போன வருடம் அமெரிக்காவில் ஒரு முட்டை 45 ரூபாய் என்று செய்தியில் பார்த்தோம்.

பதில்: நான் காத்திருந்த கேள்வி. பறவைக் காய்ச்சலால் 2025 மார்ச்சில் அங்கே டஜன் சராசரியாக 6.23 டாலர். ஒன்று 52 சென்ட். ரூபாயில் பார்த்தால் நம் ஆறு ரூபாய் முட்டையைப்போல் ஏழு மடங்கு. இப்போது மணிக்கூலியால் அளப்போம். அங்கே 7.25 டாலருக்குப் பதினான்கு முட்டை. இங்கே 600 ரூபாய் நாள் கூலி என்றால் மணிக்கு 75, அதற்குப் பன்னிரண்டு முட்டை. கிட்டத்தட்டச் சமம்! அதுவும் அவர்களுடைய உச்சவிலையில். அங்கே பெரும்பாலோர் குறைந்தபட்சக் கூலியைவிட அதிகமாகவே வாங்குகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் அதே ஒரு மணி நேரத்தில் அவருக்கு ஒன்பது லிட்டர் பெட்ரோல், நமக்கு முக்கால் லிட்டர்.

ஏன் இந்த வித்தியாசம்? முட்டை நம் ஊர்த் தீவனத்தில், நம் ஊர்க் கூலியில் உருவாகிறது. கச்சா எண்ணெய்க்கு உலகம் முழுக்க டாலர் விலை, அதன்மேல் நம் வரி. உள்ளூர்க் கூலியில் முடியும் பொருள்களில், முடிவெட்டுவது, பஸ் டிக்கெட், தையல் என எதிலும், நம் பணம் கனக்கும். கப்பலில் வரும் பொருளில் இளைத்துவிடும்.

சத்தியமங்கலம், மாணவி: மேற்படிப்புக்கு ஜெர்மனி போகிறேன். அப்பச்சி கார் வாங்கப் பணம் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: அந்தப் பணத்தை அப்பச்சியிடம் வாங்கிக்கொள்ளுங்கள் அம்மணி, காரை மட்டும் வாங்காதீர்கள். விசாவுக்காக, மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்கக்கூடிய முடக்கப்பட்ட கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்டச் சொல்கிறார்கள், மாதம் 992. அதற்குள் வாடகை, உணவு, மருத்துவக் காப்பீடு எல்லாம். பெட்ரோலில் லிட்டருக்கு 65 சென்ட் எரிசக்தி வரி, மொத்தத்தின்மேல் 19 சதவீத மதிப்புக்கூட்டு வரி. நம் உரிமம் குடியேறிய ஆறு மாதம்தான் செல்லும். பிறகு அங்கே தேர்வு எழுதி வாங்கப் பல ஆயிரம் யூரோ ஆகலாம். நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ், டிராமில் போகும் மாதச்சீட்டு 2025-இல் 58 யூரோ, 2026-இல் 63. மாணவர்களுக்கு அதைவிடக் குறைவாகவும் கிடைக்கும், பல்கலைக்கழகத்தில் கேளுங்கள். தொலைக்காட்சி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் உண்டு. கடிதம் வந்தால் பயப்படாமல் அறைத்தோழிகளோடு பங்கிட்டுக் கட்டிவிடுங்கள்.

சேலம்: லண்டன் நண்பர் அவர் கார் கேலனுக்கு 50 மைல் தருகிறது என்கிறார். டெக்சாஸ் காரைவிட நல்லதா?

பதில்: பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் கேலனைவிடப் பெரியது. அதனால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. கேலன் என்றாலே எந்த நாட்டுக் கேலன் என்று கேளுங்கள். அங்கே பங்க்கில் லிட்டரில் ஊற்றிவிட்டு, மைலேஜை மட்டும் கேலனில் பேசுவார்கள்.

காங்கயம்: ஓமானில் பெட்ரோல் எவ்வளவு?

பதில்: அடுத்தவர்.

சங்ககிரி, ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர்: பேரன் புதுக்கார் வைத்திருக்கிறான். ஏற்காடு போகிறான். அவனுக்கும் இதே கணக்குத்தானா?

பதில்: அவனுக்கும்தான், அண்ணா. ஆட்டோமேட்டிக் என்றால் நியூட்ரலுக்குப் போகாமல் கீழ் கியருக்கு மாற்றச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்திப் பிரேக்கை ஆறவிடச் சொல்லுங்கள். மற்ற நாட்டு விலை கேட்பவர்களெல்லாம் அந்தந்த ஊர் உறவினருக்கு ஒரு போன் போடுங்கள். நான் சாப்பிடப் போகிறேன்.