'அபேண்டன்' எந்த வீட்டுப் பிள்ளை?

கேள்வி: வேலை நின்றுபோன வீடமைப்புத் திட்டங்களைப் பற்றி ஆங்கில நாளேடுகள் எழுதும்போது 'அபேண்டன்' என்ற வினைச்சொல் தவறாமல் வருகிறது. அதன் மூலம் லத்தீனா, ஜெர்மானியமா? நம் 'அபாண்டம்' என்பதோடு அதற்கு உறவு உண்டா?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அபாண்டத்தை முதலில் ஒதுக்கிவிடலாம், ஒலி ஒத்திருப்பதைத் தவிர அங்கே உறவு ஏதும் இல்லை. மூலம் எது என்று கேட்டால், இரண்டும்தான். முன்னால் நிற்கும் 'அ', நம் நான்காம் வேற்றுமை உருபைப் போன்ற பொருள் தரும் 'அட்' என்ற லத்தீன் சொல் பிரெஞ்சில் தேய்ந்த வடிவம். அதை அடுத்து வருவது, ஜெர்மானிய இனத்தவரான பிராங்குகள் வழங்கிய 'பன்'. தடையைக் குறிக்கும் இன்றைய ஆங்கில 'பேன்' இதற்கு உடன்பிறப்பு என்றாலும், அக்காலத்தில் அச்சொல், தலைவன் ஊரறிய விடுக்கும் ஆணையையும் அந்த ஆணை செல்லுபடியாகும் எல்லையையும் சேர்த்தே குறித்தது. ஆணையை மீறிக் கடத்தப்படும் 'கான்ட்ராபாண்ட்' சரக்கும் இந்தக் குடும்பம்தான். பினாங்கில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் திருமணத்துக்கு முன் கோவிலில் ஓலை வாசிக்கிறார்களே, அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பேன்ஸ்' என்ற பெயரும் இதிலிருந்து வந்ததே. மணமக்களின் பெயரைப் பலரறியச் சொல்லி, தடை இருந்தால் தெரிவிக்கும்படி அங்கே கேட்டுக்கொள்கிறார்கள்.

பழைய பிரெஞ்சில் 'அ பாந்தோன்' என்றால் ஒருவருடைய அதிகாரத்துக்கு உட்பட்டு, அவர் விருப்பப்படி என்று பொருள். அதிலிருந்து பிறந்த வினை 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது, பிறர் வசம் ஒப்படைப்பதையே உணர்த்தியது. ஒப்படைப்பவர் தம் பிடியை விட்டாக வேண்டும் அல்லவா? நாளடைவில், பெற்றுக்கொள்பவர் பொருளிலிருந்து நழுவிப்போக, விட்டுச்செல்வது மட்டும் எஞ்சியது. மேம்பாட்டு நிறுவனம் பாதியில் போட்டுவிட்டுப் போன அடுக்குமாடிக்கு, பாவம், இந்தப் பிற்காலப் பொருள்தான் பொருந்துகிறது.

பழைய பொருள் இன்றும் வழக்கில் உள்ள இடம் கடல் காப்புறுதி. கப்பலைப் பழுதுபார்க்கும் செலவு, பழுதுபார்த்த பிறகு அதற்கு இருக்கக்கூடிய மதிப்பையே மிஞ்சும் என்றால், உரிமையாளர் 'அபேண்டன்மென்ட்' அறிவிப்புக் கொடுத்து, கப்பலைக் காப்புறுதி நிறுவனத்திடம் விட்டுக்கொடுத்து, முழு நட்டத்துக்கும் இழப்பீடு கோர 1906ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கடல் காப்புறுதிச் சட்டம் இடமளிக்கிறது. அறிவிப்பு ஏற்கப்பட்டால், கப்பலில் எஞ்சியிருப்பதைத் தன்வசம் எடுத்துக்கொள்ளும் உரிமை அந்த நிறுவனத்துக்கு வந்துவிடும்.